சீர் கிரைண்டரும் கார்டின் முதுகில் எழுதிய மூன்று வரியும்

தேனு, அருளு, ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் தேனுவின் ஹெட்போனில் ஒரு பக்கம் ஊமையாகிவிட்டது. "பில்லு எங்கம்மா?" என்று கேட்டேன். "பில்லா? அதையெல்லாம் யாருப்பா வச்சுக்கிருவா" என்றாள். அருள் சிரித்தான். கடையில் இருபத்திரண்டு வருசமாக வாரண்டி கார்டுக்கு சீல் குத்துகிறவன் வீட்டிலேயே இந்தக் கதி. அதனால் என் வேலையில் நடந்த ஒரு சங்கதியை எழுதி வைக்கிறேன். நான் பத்தாவது ஃபெயில். எழுத்து முன்னே பின்னே இருக்கும். அருள் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

1. நோட்டீஸ் வந்த நாள்

அன்றைக்கு மத்தியானம் கடையில் வியாபாரம் இல்லை. நான் ஒரு மிக்ஸி ஜாருக்கு புஷ் மாற்றிக்கொண்டிருந்தேன். ரிஜிஸ்டர் தபால் வந்தது. காதர் மொதலாளி, கல்யாணப் பத்திரிகையாக இருக்கும் என்று சந்தோசமாகக் கையெழுத்துப் போட்டு வாங்கினார். பிரித்துப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"செல்வராசு, இங்குட்டு வா. நுகர்வோர் கமிஷன்லருந்து நோட்டீசு. நம்ம மேல கேஸு."

"எதுக்கு மொதலாளி?"

"கிரைண்டருக்குடா. ஒத்தக் கிரைண்டருக்கு! ஃபிரிட்ஜுக்குப் போட்டிருந்தாக்கூட ஒரு மரியாதையா இருந்திருக்கும்."

புகார்தாரர் அழகம்மை ஆச்சி. முதலாம் எதிர்தரப்பு எங்கள் கடை. இரண்டாம் எதிர்தரப்பு கிரைண்டர் செய்த கம்பெனி. வாரண்டியை மீறினார்கள், சேவைக் குறைபாடு, மன உளைச்சல் என்று நாலு பக்கம். அஞ்சாவது பக்கத்தில் வாரண்டி கார்டின் முன்பக்க ஜெராக்ஸ். ஆறாவதில் அதே கார்டின் முதுகு. அதில் நல்ல கையெழுத்தில் மூன்று வரி:

சீர் சாமான்.
பெட்டி பிரிக்கும் நாள் முதல் ரெண்டு வருசம் வாரண்டி.
கடை பொறுப்பு.

அதற்குக் கீழே கடை சீல்.

மொதலாளி அதை மூன்று தடவை படித்தார். "இது யாரு எழுத்து?" என்றார்.

நான் அலமாரியில் இருந்த ஸ்டெபிலைசர்களை மேலிருந்து கீழாக எண்ணினேன்.

2. அந்த மூன்று வரி எப்படி வந்தது

மொதலாளிக்கு ஒரு சட்டம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொன்னது. "வாயால எம்புட்டு வேணும்னாலும் குடு. 'பத்து வருசம் அசையாது, உங்க பேரப்பிள்ளை வரைக்கும் ஓடும்'னு சொல்லு. பேனாவால மட்டும் ஒண்ணும் குடுக்காத."

நான் அதை ஒழுங்காகத்தான் கடைப்பிடித்து வந்தேன். ஆனால் நம்ம காரைக்குடி வியாபாரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. மற்ற ஊரில் கிரைண்டர் வாங்கினால் மறுநாள் இட்லி. நம்ம பக்கம், மகள் பள்ளிக்கூடம் போகும்போதே சீர்ச் சாமான் சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். எவர்சில்வர் ஒரு வருசம், பித்தளை ஒரு வருசம், ஆடி ஆஃபரில் கிரைண்டர். எல்லாம் பெட்டி பிரிக்காமல் ஓர் அறையில் பூட்டிக் கிடக்கும். கல்யாணத்தன்று பரப்பிக் காட்டி, அப்புறம்தான் மாப்பிள்ளை வீட்டில் பிளக்கில் செருகுவார்கள். கம்பெனி வாரண்டியோ பில் போட்ட தேதியில் ஆரம்பித்து, இருட்டறையிலேயே பிறந்து இருட்டறையிலேயே முடிந்துபோகும்.

அழகம்மை ஆச்சி கிரைண்டர் வாங்க வந்தபோது அவர்கள் மகள் உமையாள் காலேஜில் முதல் வருசம்.

"வாரண்டி எப்ப இருந்துப்பா?" என்று கேட்டார்கள்.

"இன்னைக்கிலருந்து ரெண்டு வருசம் ஆச்சி."

"இன்னைக்கி யாரு அரைக்கப் போறா? பிள்ளைக்கு இன்னும் மாப்பிள்ளையே பாக்கல."

"கம்பெனி ரூல் அப்படி ஆச்சி."

"நல்லா இருக்கே உங்க ரூலு. பொட்டிக்குள்ள தூங்குற சாமானுக்கு வருசம் கழியுமா? பொறக்காத பிள்ளைக்கு யாராச்சும் வயசு எண்ணுவாகளா?"

மொதலாளி லுஹர் தொழுகைக்குப் போயிருந்தார். ஆச்சி அதற்குள் பர்ஸை மூடிவிட்டு எழுந்தார்கள். எழுந்த கஸ்டமரைத் திரும்ப உட்கார வைப்பது லேசில்லை. "இருங்க ஆச்சி, எழுதியே குடுத்துர்றேன்" என்று கார்டைத் திருப்பி எழுதினேன்.

எழுதிவிட்டு, வழக்கம்போல் கடைசியில் ஒரு சுழி போட்டேன். அது உங்களுக்குத் தெரியும். உங்கள் நோட்டுக்கு அட்டை போட்டுப் பெயர் எழுதினாலும் ஓரத்தில் அது இருக்கும். எங்கப்பா தச்சு வேலை பார்த்தவர். பலகையை இழைத்து முடித்ததும் நல்ல பக்கம் எது என்று தெரிய பென்சிலால் ஒரு சுழி போடுவார். அந்தப் பக்கம்தான் வெளியே தெரியவேண்டிய பக்கம். எனக்கு உளி பிடிக்க வரவில்லை, ஸ்குரூ டிரைவர்தான் வந்தது. சுழி மட்டும் கையோடு ஒட்டிக்கொண்டது. ஆச்சி கார்டில் அந்தச் சுழிமேல் பாதி மறைகிற மாதிரி சீல் குத்தினேன்.

3. வலையபட்டியில் நான் வாயைத் திறந்தது

நாலு வருசம் கழித்து உமையாளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீடு வலையபட்டி. மறுவாரம் அங்கே வெள்ளைப் பணியாரத்துக்கு ஊறப்போட்டு, புதுக் கிரைண்டரை எடுத்து ஓட்டியிருக்கிறார்கள். ரெண்டு சுற்றுச் சுற்றி, புகை விட்டு, நின்றுவிட்டது.

கடையிலிருந்து நான்தான் பார்க்கப் போனேன். அடிமூடியைக் கழற்றினால் பெல்ட் காய்ந்து வெடித்திருந்தது. பேரிங்கில் கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிப் போயிருந்தது. டிரம் சுற்றாமல் மோட்டாரின் காயில் கம்பி கருகிவிட்டது. ஓடாமலே கிடந்தால் மெஷினுக்கு வருகிற நோய் இது.

மாப்பிள்ளையின் அம்மா இடுப்பில் கை வைத்து நின்றார்கள். "என்னப்பா ஆச்சு?"

இந்த இடத்தில் ஒரு புத்தியுள்ளவன் "சின்ன ரிப்பேருதான் ஆச்சி" என்று சொல்லியிருப்பான். நான், "இது நாலு வருசத்துக்கு முந்தின சரக்குங்க. இந்த மாடலே இப்ப வர்றதில்ல" என்றேன்.

"அப்படிச் சொல்லு! ஆக, பழசத் தொடச்சுப் பொட்டியில போட்டு அனுப்பியிருக்காக எங்க சம்பந்தி."

"அய்யய்யோ, அப்படிச் சொல்லலீங்க—"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்ப்பா. நல்ல வேளை, நீயாச்சும் உண்மையச் சொன்னே."

உமையாள் அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்தது. நான் ஸ்குரூக்களை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு, கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று சாயங்காலத்துக்குள் 'சீரில் பழைய கிரைண்டர்' என்ற பேச்சு வலையபட்டியிலிருந்து காரைக்குடி வந்து சேர்ந்துவிட்டது. டவுன் பஸ்கூட அவ்வளவு வேகமாக வராது.

ஆச்சி கம்பெனிக்குப் போன் போட்டார்கள். வாரண்டி முடிந்துவிட்டது என்று அங்கிருந்து இந்தியிலும் இங்கிலீஷிலும் சொன்னார்கள். ஆச்சி கார்டோடு கடைக்கு வந்தார்கள். நான் அன்று சாக்கோட்டையில் சர்வீசுக்குப் போயிருந்தேன். மொதலாளி கார்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "தேதி முடிஞ்சிருச்சு ஆச்சி, வேணும்னா காசு குடுத்து ரிப்பேர் பண்ணிக்கங்க" என்றிருக்கிறார். ஆச்சி ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. "சரி தம்பி" என்று போய்விட்டார்கள். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: கத்துகிற கஸ்டமர் கேஸ் போட மாட்டார். "சரி" என்று போகிறவர் நேரே வக்கீலிடம் போகிறார்.

4. வக்கீல் கண்டுபிடித்த வழி

கமிஷனுக்கு நாங்கள் பதில் போடவேண்டும். அதற்கு 'வெர்ஷன்' என்று பெயர். எங்கள் வக்கீல் காகிதங்களைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "கம்பெனி வாரண்டி முடிஞ்சு ரெண்டு வருசம் ஆச்சு. அதுல பிரச்சினை இல்ல. இந்த மூணு வரிதான் இடைஞ்சல். இது எங்க ஆளு எழுதினதே இல்ல, புகார்தாரரே எழுதிக்கிட்டாங்கன்னு போட்ருவோம்."

"சீல் இருக்கே சார்?" என்றேன்.

"சீல் மேசை மேலதான கெடக்கும்? யாரு வேணும்னாலும் குத்திக்கலாம்."

ஏற்கெனவே என் வாயால் அந்த ஆச்சி பழைய சாமான் கொடுத்தவர் ஆகிவிட்டார்கள். இனிமேல் கள்ள எழுத்து எழுதினவரும் ஆகவேண்டும். இதையெல்லாம் நான்தான் அஃபிடவிட்டில் கையெழுத்துப் போட்டுச் சொல்லவேண்டும், ஏனென்றால் கடையில் கார்டு எழுதுகிற ஆள் நான்.

வெளியே வந்ததும் மொதலாளி சொன்னார்: "எனக்கும் இது புடிக்கலடா. ஆனா ஒண்ணு யோசி. இந்த மூணு வரி செல்லும்னு ஆகிப்போச்சுன்னா, காரைக்குடியில எந்தெந்த வீட்டு அறைக்குள்ள நம்ம கிரைண்டர் எத்தனை தூங்குதோ, அம்புட்டும் எந்திரிச்சு நம்ம கடைக்கு நடந்து வரும். கடை நின்னாத்தான் நீ நிப்ப." கொஞ்ச தூரம் நடந்து, "வேற யாருக்கெல்லாம் எழுதிக் குடுத்த?" என்றார்.

"இவுகளுக்கு மட்டும்தான் மொதலாளி."

அது உண்மைதான். அவர் நம்பவில்லை. அதுவும் நியாயம்தான்.

அந்த வருசம்தான் தேனு காலேஜில் சேர்ந்திருந்தாள். நாற்பத்தாறு வயசில் ஸ்குரூ டிரைவரோடு வேறு கடை வாசலில் போய் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். நன்றாக இல்லை. உங்கம்மாவிடம் இது எதையும் சொல்லவில்லை.

கேஸ் என்றால் சினிமாவில் மாதிரி அடுத்த நாளே நடக்காது. வாய்தா, வாய்தா, வாய்தா. கடைசியில் ஒரு நாள், பொருளைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள்.

5. ஊறின உளுந்து

கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு நான் பஸ்ஸில் போனேன். மொதலாளியும் வக்கீலும் காரில் போனார்கள். டிக்கியிலும் பின்சீட்டிலும் இடம் இல்லையாம், புது மாடல் குக்கர் ஏற்றியிருந்தார்.

கண்டக்டர் கேட்டார்: "பொட்டிக்குள்ள என்ன?"

"கிரைண்டரு."

"கல்லு உள்ள இருக்கா?"

"இருக்கு."

"அப்ப லக்கேஜ் போடணும். எங்க ரிப்பேருக்கா?"

"கோர்ட்டுக்கு."

அவர் லக்கேஜ் டிக்கெட்டே கேட்காமல் போய்விட்டார்.

சிவகங்கையில் கமிஷன் வாசலில் வக்கீல் டைப் அடித்த அஃபிடவிட்டை என் சட்டைப் பையில் செருகினார். "படிச்சுக்கிட்டு இருங்க, நோட்டரி அங்குட்டு டீக்கடைல இருக்காரு, கூட்டிட்டு வாரேன்." மொதலாளி என் காதுக்குக் கிட்டே வந்து, "உள்ள எழுதச் சொன்னாலும் சொல்லுவாக. சொன்னா கோழி கிண்டின மாதிரி எழுதிரு" என்றார்.

வராந்தா பெஞ்சில் அழகம்மை ஆச்சி தனியாக உட்கார்ந்திருந்தார்கள். மடியில் ஒரு எவர்சில்வர் தூக்கு. என்னைப் பார்த்ததும் எதிரிக் கட்சி ஆளைப் பார்த்த மாதிரியே இல்லை.

"வாப்பா செல்வராசு. சாப்பிட்டியா? கிரைண்டரத் தூக்கிட்டா வந்தே? இடுப்பு என்னத்துக்கு ஆகும்? இந்தா, சீப்புச் சீடை தின்னு."

எடுக்காமல் இருக்க முடியவில்லை. எடுத்துத் தின்றேன்.

நோட்டரி வருவதற்குள் எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். மேலே தலைவர், பக்கத்தில் ஒரு பெண் உறுப்பினர். கம்பெனிக்கு மதுரையிலிருந்து ஒரு வக்கீல். நான் கிரைண்டரை மேசைமேல் வைத்தேன். ஆச்சியும் தூக்கைப் பக்கத்தில் வைத்தார்கள்.

"அது என்னம்மா?" என்று தலைவர் கேட்டார்.

"உளுந்துங்க. காலையிலேயே ஊறப்போட்டுக் கொண்டாந்தேன். ஓட்டிக் காட்டச் சொல்லுவீகன்னு நெனைச்சேன்."

"இது கமிஷன்மா. இங்க அரைக்க முடியாது."

"அப்பச் சரி. ஆனா வாய்தா மட்டும் போட்றாதீக, புளிச்சிரும்."

பெண் உறுப்பினர் முந்தானையால் வாயைத் துடைக்கிற மாதிரி சிரிப்பை மறைத்தார். அப்புறம் என்னிடம் கிரைண்டரைத் திறக்கச் சொல்லி, பெல்ட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். "டிரம்ல ஒரு கீறல்கூட இல்ல. அரைச்ச கல்லு மாதிரியே தெரியல" என்றார். அவருக்கு கிரைண்டர் தெரிந்திருந்தது.

எங்கள் வக்கீல் எழுந்து, கார்டின் பின்பக்க எழுத்து எங்கள் ஊழியருடையது அல்ல என்றார். தலைவர், "கடையில கார்டு எழுதுறது யாரு?" என்றார். மொதலாளி என்னைக் காட்டினார். தலைவர் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். "இந்த மூணு வரியையும் எழுதுங்க."

நான் பேனாவை இடுக்கிப் பிடித்தேன். கோழி கிண்டினேன். நல்லாவே கிண்டினேன். 'கிரைண்டர்' என்று எழுதச் சொல்லியிருந்தால் எனக்கே வாசிக்க வந்திருக்காது. தலைவர் தாளையும் கார்டையும் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"வேற வேற எழுத்தாத்தான் தெரியுது" என்றார்.

எங்கள் வக்கீல் மொதலாளியைப் பார்த்துத் தலையாட்டினார். மொதலாளி மூச்சை விட்டார். எல்லாம் முடிந்தது. நான் தப்பித்தேன், கடை தப்பித்தது.

ஆச்சி என்னைத் திட்டவில்லை. தூக்கின் மூடியை அழுத்திவிட்டுக்கொண்டே, தனக்குத்தானே பேசுவது மாதிரிச் சொன்னார்கள்: "அப்பச் சம்பந்தி சொன்னதுதான் உண்மைன்னு ஆச்சு. இனிமே என் மக அந்த வீட்ல எப்படி நிமிந்து நடப்பா?"

நான் தலையைக் குனிந்தேன். குனிந்த இடத்தில் மேசையில் என் தாள். மூன்று வரி கோழி எழுத்துக்குக் கீழே, ஓரத்தில், அழகாக ஒரு சுழி. எப்போது போட்டேன் என்றே தெரியாது. எழுத்தை மாற்றச் சொன்னேன், கை மாற்றியது. முடிக்கும்போது அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துவிட்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. பேனாக் கிறுக்கல் என்று நினைத்திருப்பார்கள்.

சும்மா இருந்திருக்கலாம். இருந்திருந்தால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், அவ்வளவுதான். ஆனால் எங்கப்பா கெட்ட பக்கத்தில் அந்தச் சுழியைப் போட்டு நான் பார்த்ததில்லை.

"ஐயா," என்றேன். "சீலுக்கு அடியில பாருங்க. ஒரு சுழி இருக்கும். அது என்னோடது. இந்தத் தாளுலயும் இருக்கு. அந்த மூணு வரியும் நான் எழுதினதுதான். சீலும் நான் குத்தினதுதான். ஆச்சி குடுத்தது புதுச் சாமான், பொட்டி பிரிக்காதது. நாலு வருசத்துச் சரக்குன்னு நான்தான் மாப்பிள்ளை வீட்டுல போயி உளறினேன்."

தலைவர் கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பின்னே ஏன்யா இப்படிக் கிறுக்கினீங்க?"

"பயத்துலங்க."

பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. மொதலாளி எழுந்து நின்றார். "பயத்துல இல்லீங்க. கோழி மாதிரி எழுதச் சொன்னது நான்தான்" என்றார். எங்கள் வக்கீல் ஃபைலை மூடி அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார்.

தலைவர் எங்கள் ரெண்டு பேரையும் நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். அதையெல்லாம் இங்கே எழுதவில்லை. நம்ம வீட்டில் நான் கொஞ்சம் மரியாதையோடு இருக்க விரும்புகிறேன். அப்புறம் ஆச்சியைக் கேட்டார்: "உங்களுக்கு என்னம்மா வேணும்? மனுவுல மன உளைச்சலுக்குப் பெரிய தொகை கேட்டிருக்கீங்க."

"அது மனு எழுதின வக்கீல் தம்பி போட்டதுங்க. எனக்கு ஒரு உளைச்சலும் இல்ல, நல்லாத் தூங்குறேன். எனக்கு ஓடுற கிரைண்டர் ஒண்ணு வேணும். அப்புறம், நான் குடுத்தது புதுசுன்னு முத்திரை போட்டு ஒரு காகிதம் குடுங்க. சம்பந்தியம்மாகிட்டக் காட்டணும். உளைச்சல் அவுகளுக்கு வரட்டும்."

கம்பெனி வக்கீல் எழுந்து, இந்த மூன்று வரிக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை என்றார். அது சரி என்று தலைவரும் ஒப்புக்கொண்டார். கம்பெனி வாரண்டி கம்பெனி தேதியோடு முடிந்தது. ஆனால் கடைக்காரர் தனியாக எழுதி சீல் குத்திக் கொடுத்தது கடைக்காரரைக் கட்டும். ஆகவே கடை புதுக் கிரைண்டர் கொடுக்கவேண்டும், வழக்குச் செலவும் கொடுக்கவேண்டும். பழைய கிரைண்டர் விற்றபோது பெட்டி பிரிக்காத புதுப் பொருளே என்பதும் உத்தரவில் ஒரு வரியாக வரும்.

6. திரும்பி வந்த கார்

எங்கள் வக்கீல் முன்னாடியே கிளம்பிப் போய்விட்டார். வாசலுக்கு வந்ததும், இன்றோடு வேலை போச்சு என்று நான் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன். "ஏறுடா" என்றார் மொதலாளி. பஸ்ஸுக்கு நின்ற ஆச்சியையும் பார்த்தார். "ஆச்சி, நீங்களும் வாங்க" என்றார்.

நான் பின்சீட்டில் குக்கர் பெட்டிகளுக்கு நடுவில், மடியில் கிரைண்டரோடு. முன்சீட்டில் ஆச்சி, மடியில் தூக்கோடு.

"கேஸ் போட்டவுகளயே கார்ல கொண்டு போயி விடுற மொதலாளி, உலகத்துல நான் ஒருத்தன்தான் இருப்பேன்" என்றார் மொதலாளி.

"ஏசியக் கொஞ்சம் கூட்டுங்க தம்பி" என்றார்கள் ஆச்சி. "உளுந்து சூடாகுது."

மொதலாளி கூட்டினார். "செல்வராச வேலைக்கு வச்சதுக்குப் பதிலா அந்தக் கிரைண்டரயே வேலைக்கு வச்சிருக்கலாம். அதாச்சும் வாயத் தெறக்காம நிக்கிது."

"அவன வெளிய அனுப்பிச்சீகன்னா அதுக்கும் ஒரு கேஸு போடுவேன்" என்றார்கள் ஆச்சி.

"அது வேற கோர்ட்டு ஆச்சி."

"இருக்கட்டும். பஸ் இருக்குல்ல."

உத்தரவு கையில் வர நாளாகும். ஆனால் மொதலாளி அன்றைக்கே கடைக்குள் போய்ப் புதுக் கிரைண்டர் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஆச்சி தூக்கைத் திறந்தார்கள். கடை நடுவில், வந்த கஸ்டமர் எல்லாம் சுற்றி நிற்க, சிவகங்கை வரை போய் வந்த அந்த உளுந்தை நான் அரைத்தேன். பஞ்சு மாதிரி வந்தது. ஆச்சி விரலில் தொட்டுப் பார்த்து, மொதலாளியிடம் நீட்டினார்கள். அவரும் தொட்டுப் பார்த்தார்.

பிறகு உத்தரவு வந்தது. ஆச்சி அதை லேமினேட் செய்து வலையபட்டிக்குக் கொண்டுபோனார்கள். சம்பந்தியம்மா முழுக்கப் படித்துவிட்டு, "ஒரு வார்த்தைக்கு கோர்ட்டு வரைக்கும் போவீகளா?" என்றார்களாம். "அடுத்த வார்த்தைக்கும் போவேன்" என்றார்களாம் ஆச்சி. அதற்குப் பிறகு உமையாளுக்கு அந்த வீட்டில் பணியாரம் முதல் தட்டில் வருகிறதாம்.

மொதலாளி பன்னிரண்டு நாள் என்னிடம் நேரே பேசவில்லை. எதிரே உட்கார்ந்துகொண்டே வாட்ஸ்அப்பில் அனுப்புவார்: "மூணாவது ரேக், தூசி." பதிமூன்றாவது நாள் நாலு ஆச்சிமார் சேர்ந்து வந்தார்கள். "எழுதிக் குடுக்குற கடை இதுதானப்பா?" என்று கேட்டார்கள். மொதலாளி அவர்களை உட்கார வைத்து, டீ சொல்லி, அன்றைக்கே ஒரு புது ரப்பர் ஸ்டாம்ப் செய்யக் கொடுத்தார். 'சீர்ச் சாமான். பெட்டி பிரிக்கும் நாள் முதல்' என்று. கீழே ஒரு நிபந்தனை: ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எங்கள் ஆள் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து ஓட்டிப் பார்ப்பான். அந்த ஆள் நான். இப்போது எந்தெந்த வீட்டில் எத்தனை கிரைண்டர் எந்த அறையில் இருக்கிறது என்பது மொதலாளியைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

7. இதில் உங்களுக்கு வேண்டியது

பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். கார்டில் தேதி, சீல் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். கடைக்காரன் வாயால் சொல்லுவதை, "அத எழுதிக் குடுங்க" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். அப்போது அவன் முகம் எப்படி ஆகிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பழுது வந்தால் ஒத்திப் போடாதீர்கள், புகார் கொடுக்க ரெண்டு வருசம்தான் கெடு. நீங்கள் ஒரு வேலையில் உட்கார்ந்து யாருக்காவது எழுதிக் கொடுக்கிற நாள் வந்தால், பின்னால் 'இது என் எழுத்துதான்' என்று நிமிர்ந்து சொல்லக்கூடியதை மட்டும் எழுதுங்கள். எனக்கு இதைக் கற்றுக்கொள்ள ஒரு கிரைண்டரும் மூன்று வாய்தாவும் ஆயிற்று.

கடைசியாக ஒன்று. இதை உங்கம்மாவிடம் சொல்லக் கூடாது. போன ஆடியில் அவள் எங்கள் கடையிலேயே ஒரு கிரைண்டர் வாங்கி, தேனு பெயரை எழுதிப் பரணில் ஏற்றி வைத்திருக்கிறாள். "எனக்குச் சீரெல்லாம் வேணாம்" என்று தேனு கத்தினதும், "உனக்கில்லடி, சும்மா கெடக்கட்டும்" என்று அவள் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். சும்மா கிடந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை நீங்கள் மூன்று பேரும் அரியக்குடி பெருமாள் கோயிலுக்குப் போனீர்கள். எனக்கு முதுகு வலி என்று சொல்லி இருந்துவிட்டேன். விடியக்காலையிலேயே ஒரு பிடி உளுந்தை என் டிபன் பாக்ஸில் ஊறப்போட்டு ஒளித்து வைத்திருந்தேன். ஏணி போட்டுப் பெட்டியை இறக்கினேன். டேப்பைக் கிழிக்காமல் பிளேடால் கீறித் திறந்தேன். கிரைண்டரைத் தரையில் வைத்து, உளுந்தைப் போட்டு, சுவிட்சைத் தட்டினேன். நன்றாக ஓடியது. அந்த மாவில் ஒரே ஒரு தோசை வந்தது, அதை அடுப்படியிலேயே நின்றுகொண்டு தின்றேன். டிரம்மைக் கழுவித் துடைத்து, ஃபேனுக்கு அடியில் ஈரம் போகும்வரை காயவிட்டு, பேரிங்கில் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பழையபடி பெட்டியில் அடைத்தேன். பெட்டியைக் கவிழ்த்து, யாரும் பார்க்காத அடிப்பக்கத்தில் அன்றையத் தேதியை எழுதினேன். பக்கத்தில் ஒரு சுழி போட்டேன். ஏணியில் ஏறி, தூசி பதிந்திருந்த அதே சதுரத்தில் பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டு இறங்கினேன்.